எஸ்போசித்தோ: ஓர் இத்தாலியக் குடும்பப் பெயரின் தோற்றமும் வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்போசித்தோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அதை எப்படி உச்சரிக்க வேண்டும்?

இலத்தீன் மொழியில் ‘எக்ஸ்போசித்துஸ்’ என்பதற்கு ‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்று பொருள். பெற்றோரால் வளர்க்க முடியாமல் ஆலய வாசலிலோ அநாதை இல்லத்தின் வாசலிலோ விடப்பட்ட குழந்தையைக் குறிக்க, மத்திய கால ஐரோப்பாவின் ஆலயப் பதிவேடுகளில் எழுதப்பட்ட சொல் இது. நேப்பிள்ஸ் நகரில் அந்தக் குறிப்பே காலப்போக்கில் குழந்தையின் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

இத்தாலியர் இப்பெயரில் ‘போ’ என்ற அசைக்கே அழுத்தம் தருவார்கள். அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றில் அந்த அழுத்தம் ‘சி’ என்ற அசைக்கு நகர்ந்துவிட்டது. தமிழில் எஸ்போசிட்டோ என்று எழுதுவோரும் உண்டு.

இந்தப் பெயர் ஏன் நேப்பிள்ஸ் நகரோடு இவ்வளவு பிணைந்திருக்கிறது?

அதற்கு ஒரு நிறுவனமே காரணம். நேப்பிள்ஸின் பழைய நகர்ப்பகுதியில், ஃபொர்ச்செல்லா என்ற நெருக்கமான குடியிருப்புக்கு அருகில், 14ஆம் நூற்றாண்டில் ‘சாந்தா காசா தெல்ல அனுன்சியாத்தா’ என்ற அறநிலையம் தோன்றியது. வானதூதர் மரியாவுக்குச் சொன்ன மங்கள வார்த்தையின் பெயரில் அமைந்த ஆலயம், மருத்துவமனை, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம், ஆதரவற்ற பெண்களுக்கான விடுதி ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் இயங்கின. அரச குடும்பமும் செல்வந்தர்களும் வழங்கிய நிலங்களாலும் நன்கொடைகளாலும் அது தென் இத்தாலியின் செல்வம் மிக்க அறநிலையங்களில் ஒன்றாக வளர்ந்தது. அது நடத்திய வங்கி 1702இல் திவாலானது அந்த இல்லத்துக்குப் பேரடியாக அமைந்தது. 1757இல் தீக்கு இரையான ஆலயத்தைக் கட்டடக் கலைஞர் லூயிஜி வான்வித்தெல்லி புதிதாக வடிவமைத்தார். அவர் மறைந்த பின் அவருடைய மகன் கார்லோ 1782இல் பணியை முடித்தார்.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் குழந்தைகளை ஏற்கும் பணி நிற்கவில்லை. அந்த இல்லத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் ஒவ்வொருவரின் பெயருக்குப் பின்னும் ‘எஸ்போசித்தோ’ என்று எழுதப்பட்டது. இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்ததால்தான் இன்று நேப்பிள்ஸில் மிக அதிகமானோர் தாங்கும் குடும்பப் பெயராகவும், இத்தாலி முழுவதிலும் முதல் சில இடங்களில் ஒன்றைப் பிடிக்கும் பெயராகவும் அது இருக்கிறது.

குழந்தைகளை அங்கே எப்படி விட்டார்கள்? ‘சக்கரம்’ என்று சொல்லப்படுவது என்ன?

அனுன்சியாத்தாவின் வெளிச்சுவரில், தெருவைப் பார்த்தபடி ஒரு சிறு திறப்பு உண்டு. அதன் பின்னால், நின்ற நிலையில் சுழலக்கூடிய மர உருளை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. உருளையின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். குழந்தையைக் கொண்டு வருபவர் அந்தத் திறந்த பக்கத்தில் அதை வைத்து உருளையைச் சுழற்றினால், குழந்தை சுவருக்கு உட்புறம் போய்ச் சேரும். உள்ளே இரவும் பகலும் காத்திருக்கும் பெண் மணியோசை கேட்டுக் குழந்தையை எடுத்துக்கொள்வார். வெளியே நிற்பவரின் முகத்தை உள்ளே இருப்பவரால் பார்க்க முடியாது என்பதே இந்த அமைப்பின் நோக்கம். இத்தாலியில் இதை ‘ருவோத்தா’, அதாவது சக்கரம் என்றே அழைத்தார்கள்.

உள்ளே எடுக்கப்பட்ட குழந்தையை முதலில் கல் தொட்டியில் குளிப்பாட்டினார்கள். பிறகு எழுத்தர் பதிவேட்டைத் திறந்து, குழந்தை வந்த நாள், நேரம், உத்தேச வயது, உடலில் காணப்பட்ட அடையாளங்கள், சுற்றியிருந்த துணியின் தன்மை, கூடவே வைக்கப்பட்டிருந்த பொருள்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்றதற்கான சீட்டு இல்லையென்றால் அங்கேயே திருமுழுக்குக் கொடுக்கப்பட்டது. குழந்தையின் கழுத்தில் எண் பொறித்த ஈய வில்லை ஒன்று கட்டப்பட்டது.

கூடவே வைக்கப்பட்ட பொருள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதியாக வெட்டப்பட்ட பதக்கம், கிழித்த சீட்டின் ஒரு பாதி, நிற நாடாத் துண்டு, சிறு குறிப்புக் காகிதம் முதலியவற்றைப் பெற்றோர் குழந்தையின் துணிக்குள் செருகி வைத்தார்கள். மறு பாதி அவர்களிடம் இருக்கும். என்றாவது ஒரு நாள் திரும்பி வந்து குழந்தையைக் கேட்டால், இரண்டு பாதிகளும் பொருந்துவதே சான்றாக அமையும். இத்தாலியின் பழைய குழந்தை இல்லங்களின் ஆவணக் காப்பகங்களில் இத்தகைய பாதித் துண்டுகள் இன்னும் பாதுகாக்கப்படுகின்றன. குழந்தையை விட்டுச் சென்றவர்களைக் கல்நெஞ்சர் என்று தீர்ப்பளிக்கத் துணிபவர் எவரும் அந்தத் துண்டுகளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கைவிடப்பட்டவர்கள் எல்லோரும் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகளா?

இல்லை. அப்படிப் பிறந்த குழந்தைகள் பலர் இருந்தார்கள் என்பது உண்மை. மணமாகாத தாய்க்கு அக்காலச் சமூகம் இழைத்த கொடுமை அதற்கு முக்கியக் காரணம். ஆனால் முறைப்படி மணந்த ஏழைத் தம்பதிகளும் விளைச்சல் பொய்த்த ஆண்டுகளிலும், கொள்ளை நோய்க் காலங்களிலும், தாய்க்குப் பால் வற்றியபோதும் குழந்தைகளைச் சக்கரத்தில் வைத்தார்கள். அதனால் எஸ்போசித்தோ என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் முதல் மூதாதையர் இன்ன வகையில் பிறந்தவர் என்று முடிவு செய்ய இயலாது.

இல்லத்துக்குள் சென்ற பிறகு குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது?

கைக்குழந்தைகளுக்குப் பாலூட்டச் செவிலித்தாய்மார் தேவைப்பட்டார்கள். சிலர் இல்லத்திலேயே தங்கினார்கள். பெரும்பாலான குழந்தைகள் கூலி பெறும் செவிலித்தாய்மாரிடம், பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரே தாய் பல குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வேண்டிய நெருக்கடியும் தொற்றுநோயும் சேர்ந்து, ஐரோப்பாவின் எல்லாக் குழந்தை இல்லங்களையும் போலவே இங்கும் ஏராளமான உயிர்களைப் பறித்தன. பதிவேட்டில் நுழைந்த பெயர்களில் பல சில வாரங்களிலேயே இறப்புக் குறிப்போடு முடிந்துவிடுகின்றன.

பிழைத்த ஆண் பிள்ளைகள் தொழில் கற்றுக்கொள்ள அனுப்பப்பட்டார்கள், அல்லது வளர்த்த குடும்பத்திலேயே தங்கிவிட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு இல்லமே சீதனம் கொடுத்துத் திருமணம் செய்து வைத்தது. நேப்பிள்ஸ் மக்கள் இந்தக் குழந்தைகளை ‘மாதாவின் பிள்ளைகள்’ என்று அழைத்தார்கள். பெற்றவர் யாரென்று தெரியாத குழந்தைக்கு மாதாவே தாய் என்ற அந்த மக்களின் நம்பிக்கை வெறும் ஆறுதல் வார்த்தையாக நிற்கவில்லை. இல்லத்துக்கு நன்கொடைகள் குவிந்ததற்கும், கிராமத்துக் குடும்பங்கள் வந்த பிள்ளையைத் தம் பிள்ளையாகவே வைத்துக்கொண்டதற்கும் அதுவும் ஒரு காரணமாக இருந்தது.

ஒரு குறிப்புச் சொல் எப்படிப் பரம்பரைப் பெயராக மாறியது?

கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம், பங்கு ஆலயங்கள், அதாவது அந்தந்த வட்டார ஆலயங்கள், இனித் திருமணங்களையும் திருமுழுக்குகளையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று 1563இல் விதித்தது. இத்தாலியில் குடும்பப் பெயர்கள் சாதாரண மக்களிடையே நிலைபெற்றதில் இந்தப் பதிவேடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அனுன்சியாத்தாவிலிருந்து வளர்ந்து வெளியேறிய ஓர் ஆண், வேறு பெயர் இல்லாததால் ‘எஸ்போசித்தோ’ என்ற பெயரோடு மணமுடித்தார். அவருடைய பிள்ளைகளும் தந்தையின் பெயரையே தாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் எவராலும் கைவிடப்படாமல், தாய் தந்தையோடு வளர்ந்தவர்கள். ஆகவே இப்பெயரைத் தாங்கிய மிகப் பெரும்பாலானோர் சக்கரத்தின் வழியே வந்தவர்கள் அல்லர். அப்படி வந்த ஒருவரின் வழித்தோன்றல்கள்.

அப்படியானால் எல்லா எஸ்போசித்தோக்களும் ஒரே வம்சமா?

நிச்சயமாக இல்லை. பொதுவாக ஒரு குடும்பப் பெயரைப் பின்தொடர்ந்து சென்றால் ஓர் ஊரிலோ ஒரு சில வீடுகளிலோ போய் நிற்கலாம். எஸ்போசித்தோ அப்படிப்பட்ட பெயர் அன்று. ஒவ்வொரு நாளும் புதிதாக வந்த குழந்தைகளுக்கு அதே பெயர் கொடுக்கப்பட்டதால், இப்பெயர் பல நூற்றாண்டுகளில் எண்ணற்ற முறை புதிதாகத் தொடங்கியிருக்கிறது. அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கும் இரண்டு எஸ்போசித்தோ குடும்பங்களுக்கு இடையே இரத்த உறவு சிறிதும் இல்லாமல் இருப்பது மிக இயல்பு. அதோடு, அனுன்சியாத்தா மட்டுமே இதன் ஊற்று அன்று. நேப்பிள்ஸ் அமைந்துள்ள கம்பானியா மாநிலம் முழுவதிலும் வேறு ஊர்களிலிருந்த இல்லங்களும் ஆலயங்களும் இதே பெயரை வழங்கின.

இந்தப் பெயரை வைப்பது எப்போது நின்றது?

நெப்போலியனின் மைத்துனரான ஜோக்கிம் முரா 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்டார். அவருடைய ஆட்சியில்தான் 1809 முதல் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் அங்கே தொடங்கின. கைவிடப்பட்ட குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே பெயரைச் சூட்டும் வழக்கத்துக்கும் அந்த ஆட்சியே தடை விதித்தது. வாழ்நாள் முழுவதும் ஒருவரின் பிறப்பை அம்பலப்படுத்தும் பெயர் அநீதியானது என்ற எண்ணமும், ஆயிரக்கணக்கானோர் ஒரே பெயரோடு இருந்தால் படைக்கு ஆள் சேர்ப்பதும் வரி வசூலிப்பதும் குழப்பமாகும் என்ற நிர்வாகக் கவலையும் இதில் கலந்திருந்தன. அதன் பின் வந்த குழந்தைகளுக்கு எழுத்தர்கள் புதுப் புதுப் பெயர்களைக் கற்பனை செய்து சூட்டினார்கள்.

சக்கரம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் சுழன்றது. இத்தாலியில் முதலில் ஃபெராரா நகரம் 1867இல் தன் சக்கரத்தை மூடியது. மிலான் 1868இலும், நேப்பிள்ஸ் 1875இலும் மூடின. நாடு முழுவதும் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது 1923இல்தான்.

மற்ற இத்தாலிய நகரங்களில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு என்ன பெயர் சூட்டினார்கள்?

எந்த நகரத்தின் இல்லம் என்பதைப் பெயரே சொல்லிவிடும் அளவுக்கு இந்த வழக்கம் ஊருக்கு ஊர் வேறுபட்டது.

ஃபுளோரன்ஸ் நகரில், கட்டடக் கலைஞர் ஃபிலிப்போ புருனெலெஸ்கி 1419இல் கட்டத் தொடங்கிய ‘மாசற்ற குழந்தைகளின் இல்லம்’ 1445இல் குழந்தைகளை ஏற்கத் தொடங்கியது. ஏரோது மன்னன் கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நினைவாக அந்தப் பெயர். முதல் குழந்தை பிப்ரவரி 5ஆம் நாள் வந்தது; அன்று புனித ஆகத்தாவின் திருநாள் என்பதால் அந்தப் பெண் குழந்தைக்கு ஆகத்தா என்றே பெயரிட்டார்கள். இன்னொச்சென்தி, தெல்யின்னொச்சென்தி, நொச்சென்தினி ஆகிய குடும்பப் பெயர்கள் இந்த இல்லத்தோடு தொடர்புடையவை. கட்டடத்தின் முகப்பில், துணி சுற்றிய குழந்தைகளை நீலப் பின்னணியில் வடித்த ஆந்திரேயா தெல்லா ரொப்பியாவின் வட்டச் சிற்பங்களை இன்றும் காணலாம்.

மிலானில் அதன் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா 1456இல் நிறுவிய பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா. அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்குப் புறாவைக் குறிக்கும் ‘கொலோம்போ’ என்ற பெயர் சூட்டப்பட்டது. இன்று மிலானைச் சுற்றியுள்ள லொம்பார்தியா மாநிலத்தில் அப்பெயர் மிகப் பரவலாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் கொலோம்போ என்ற பெயர் மருத்துவமனைக்கு முன்பே பல இடங்களில் தனியாகத் தோன்றியிருந்தது. ஜெனோவாவில் பிறந்த கிறிஸ்டோபர் கொலம்பஸின் குடும்பப் பெயருக்கும் மிலான் இல்லத்துக்கும் தொடர்பில்லை.

உரோமையில் ‘ப்ரோயெத்தி’ என்ற பெயர் வழங்கியது. ‘எறியப்பட்டவர்’ என்ற கடுமையான பொருள் கொண்ட அப்பெயர், திருத்தந்தை (போப்) மூன்றாம் இன்னசென்ட் 1198இல் நிறுவிய தூய ஆவியார் மருத்துவமனையோடு இணைத்துப் பேசப்படுகிறது. தீபர் ஆற்றில் வலை வீசிய மீனவர்களின் வலைகளில் குழந்தைகளின் உடல்கள் சிக்கியதைக் கேட்டு மனம் நொந்து அவர் அதைத் தொடங்கினார் என்பது மரபுவழிக் கதை. சியெனாவில் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனையின் குழந்தைகள் ‘தெல்லா ஸ்காலா’ என்றானார்கள். பொலோஞாவில் ‘தெல்யி எஸ்போஸ்தி’ என்ற வடிவம் பரவலாக உள்ளது. சிசிலியில் ‘கண்டெடுக்கப்பட்டவர்’ என்ற பொருளில் ‘த்ரொவாத்தோ’ வழங்குகிறது.

வெனிஸ் நகரின் பியெத்தா இல்லம் தனிச் சிறப்புடையது. அங்கே வளர்ந்த பெண் குழந்தைகளில் திறமை மிக்கவர்களுக்கு உயர்ந்த இசைப் பயிற்சி அளிக்கப்பட்டது. இசையமைப்பாளர் அந்தோனியோ விவால்தி 1703 முதல் அங்கே வயலின் ஆசிரியராக இருந்தார். குடும்பப் பெயர் இல்லாத அந்தக் கலைஞர்கள் தாம் வாசித்த கருவியாலேயே அறியப்பட்டார்கள்: ‘வயலின் அன்னா மரியா’ என்ற பெயர் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றிருந்தது.

ஸ்பெயினில் உள்ள ‘எக்ஸ்போசித்தோ’ இதே பெயரா?

இரண்டும் ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து, ஒரே காரணத்துக்காகத் தோன்றியவை. 1503 முதல் 1707 வரை நேப்பிள்ஸ் ஸ்பெயினின் ஆளுகையில் இருந்தாலும், இப்பெயர் அங்கிருந்து இறக்குமதியானது என்று கொள்ளத் தேவையில்லை.

இப்பெயருக்கு வேறு எழுத்து வடிவங்கள் உண்டா?

உண்டு. முதல் எழுத்து தேய்ந்த ‘ஸ்போசித்தோ’, ‘தெஸ்போசித்தோ’, ‘எஸ்போஸ்தோ’, ‘எஸ்போஸ்தி’ ஆகியவை அறியப்பட்டவை.

இப்பெயரைத் தாங்கிப் புகழ்பெற்றவர்கள் யார்?

இத்தாலியத் தத்துவ அறிஞர் ரொபெர்த்தோ எஸ்போசித்தோ, கனடாவில் பிறந்து பனி ஹாக்கியில் சாதனை படைத்த ஃபில், டோனி எஸ்போசித்தோ சகோதரர்கள், நேப்பிள்ஸ்காரரான தந்தைக்குக் கோபன்ஹேகனில் பிறந்த அமெரிக்க நடிகர் ஜியான்கார்லோ எஸ்போசித்தோ ஆகியோரைச் சொல்லலாம். ஃபில் எஸ்போசித்தோ 1968–69 பருவத்தில் வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கில் ஒரே பருவத்தில் 100 புள்ளிகளைக் கடந்த முதல் வீரர் ஆனார்.

இத்தாலிய இராணி மார்கெரீத்தாவுக்காக 1889இல் தக்காளி, மொசரெல்லா, துளசி இலை சேர்த்துப் பீட்சா செய்தவராகச் சொல்லப்படும் ரஃபயேலே எஸ்போசித்தோவும் நேப்பிள்ஸ்காரரே. அந்த நிகழ்வுக்குச் சான்றாகக் காட்டப்படும் அரண்மனைக் கடிதத்தை வரலாற்றாய்வாளர்கள் ஐயத்தோடு பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

என் மூதாதையர் ஓர் எஸ்போசித்தோ. அவரைப் பதிவேடுகளில் எப்படித் தேடுவது?

குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடத் தொடங்கினால் ஒரே ஊரில், ஒரே ஆண்டில், அதே முதற்பெயரோடு பலர் வந்து நிற்பார்கள். எனவே தேடலை மனைவியின் பெயரிலிருந்து தொடங்குவது நல்லது. இத்தாலியப் பதிவேடுகளில் பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரோடே எழுதப்படுவதால், எஸ்போசித்தோவை மணந்த பெண்ணின் அரிதான குடும்பப் பெயர் சரியான குடும்பத்தைப் பிரித்துக் காட்டிவிடும். தெருப் பெயர், தொழில், சாட்சிகளின் பெயர்கள் ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

1809க்குப் பிந்தைய பதிவுகள் பலவற்றை இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் ‘அந்தெனாத்தி’ இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அவற்றில் திருமணத்துக்கான இணைப்பு ஆவணங்களைத் தவறவிடாதீர்கள். மணமக்களின் பிறப்புச் சான்றின் நகலும், பெற்றோர் இறந்திருந்தால் அவர்களுடைய இறப்புச் சான்றும், சில வேளைகளில் தாத்தாவின் இறப்புச் சான்றும் அந்தக் கட்டில் இருக்கும். ஒரே திருமணத்தின் கட்டு இரண்டு தலைமுறைகளைப் பின்னோக்கிக் காட்டிவிடக்கூடும்.

பதிவுகளில் ‘ப்ரோயெத்தோ’ என்றோ, ‘பெற்றோர் தெரியவில்லை’ என்ற பொருளுடைய தொடர் என்றோ, ‘மாதாவின் மகன்’ என்றோ கண்டால், சக்கரத்தின் வழியே வந்த அந்த முதல் மனிதரை நீங்கள் அடைந்துவிட்டீர்கள் என்று பொருள். அங்கிருந்து செல்ல வேண்டிய இடம் இல்லத்தின் பதிவேடுகள். பெற்றோர் பெயர் பெரும்பாலும் அங்கே கிடைக்காது. ஆனால் குழந்தை வந்த மணி நேரம், உடுத்தியிருந்த துணி, கூட இருந்த சீட்டு, பால் கொடுக்க எந்தச் செவிலித்தாயிடம் அனுப்பப்பட்டது ஆகியவை இருக்கக்கூடும். பெரிய குடும்பங்களைச் சேர்ந்த குழந்தைகளின் பிறப்புப் பதிவில்கூட இத்தனை விவரங்கள் இருப்பதில்லை. இதைத்தான் இப்பெயரை ஆராய்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்: எஸ்போசித்தோ என்ற பெயர் ஒருவர் கைவிடப்பட்டதை மட்டும் சொல்வதில்லை, ஒரு கை அவரை ஏற்று, குளிப்பாட்டி, ஏட்டில் எழுதி வைத்ததையும் சொல்கிறது.

‘எஸ்போசித்தோ குடும்பச் சின்னம்’ என்று விற்கப்படும் கேடயப் படங்களை நம்பலாமா?

நம்ப வேண்டாம். குலச்சின்னம் என்பது குறிப்பிட்ட ஒரு வம்சத்துக்கு உரியது. ஒரு குடும்பப் பெயரைத் தாங்கிய எல்லோருக்கும் பொதுவானது அன்று. எண்ணற்ற தனித்தனித் தொடக்கங்களைக் கொண்ட இந்தப் பெயருக்குப் பொதுச் சின்னம் இருக்கவே முடியாது. தவிர, 1948 முதல் நடைமுறையில் உள்ள இத்தாலிய அரசியலமைப்பு பிரபுப் பட்டங்களையே அங்கீகரிப்பதில்லை.

இப்பெயரைத் தாங்குவது இன்று இழிவாகக் கருதப்படுகிறதா? மாற்றிக்கொள்ள முடியுமா?

நேப்பிள்ஸ் தெருக்களில் இன்று இது மிகச் சாதாரணமான பெயர். ஆனால் பெற்றோர் யாரென்று தெரியாதவர்களை அரசு ஆவணங்களே சுட்டிக்காட்டும் நிலை 20ஆம் நூற்றாண்டின் பாதி வரை நீடித்தது. அடையாள ஆவணங்களில் பெற்றோர் பெயரை எழுதும் கட்டாயம் 1955ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் நீங்கியது. அதுவரை ஆவணங்களில் தந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெயர் தெரியாது’ என்று பொருள்படும் ‘என்.என்.’ என்ற இரண்டு எழுத்துகளைச் சுமந்தவர்களின் வேதனை கொஞ்சநஞ்சமல்ல.

இப்போதைய இத்தாலியச் சட்டப்படி, மருத்துவமனையில் பிள்ளை பெறும் தாய் தன் பெயரை வெளியிடாமல் இருக்கலாம். பெற்றோர் தெரியாத குழந்தைக்கு முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் பதிவாளரே சூட்டுவார். அப்போது அவர் இரண்டு கட்டுப்பாடுகளைப் பின்பற்ற வேண்டும்: பிறப்பின் தன்மையை வெளிப்படுத்தும் பெயர் கூடாது, வரலாற்றுப் புகழ் கொண்ட பெயரோ அந்த ஊரில் பெயர் பெற்ற குடும்பத்தின் பெயரோ கூடாது. எஸ்போசித்தோ என்ற பெயரை இன்று எந்தப் பதிவாளரும் அத்தகைய குழந்தைக்குப் புதிதாகச் சூட்ட முடியாது.

ஏற்கெனவே இப்பெயரைத் தாங்குபவர் விரும்பினால் மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. நகைப்புக்கு இடமாகும் பெயர், வெட்கத்துக்கு உள்ளாக்கும் பெயர், பிறப்பின் தன்மையை வெளிப்படுத்தும் பெயர் ஆகியவற்றை மாற்ற, 2000ஆம் ஆண்டின் குடிமைப் பதிவு விதிகள் வகை செய்கின்றன. விண்ணப்பத்தை மாகாண நிர்வாகியான பிரெஃபெத்திடம் காரணத்தோடு கொடுக்க வேண்டும். மேலும், அரசியலமைப்பு நீதிமன்றம் 2022இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, பிறக்கும் குழந்தைக்குத் தாய், தந்தை இருவரின் குடும்பப் பெயரும் சேர்ந்து வருவதே பொது விதியாகியிருக்கிறது. இருவரும் உடன்பட்டால் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே தாய் எஸ்போசித்தோவாக இருந்தால், அவர் வழியாகவும் அந்தப் பெயர் இப்போது அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது.